கட்டற்ற மென்பொருளும் மலேசியத் தமிழரும்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு, விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் முடிவுற்றன. வீட்டில் கணினி வைத்திருப்போர் பதிவு செய்துகொண்டால் மேலும் ஓராண்டுக்கு அத்திருத்தங்களைப் பெறலாம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, 2021ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. ஆனால் அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், ஏறத்தாழ 2018ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் வந்த செயலிகளையும் வேண்டி நிற்கிறது. அதற்கு முன் வாங்கப்பட்ட கணினிகள் பல, திரையிலும் விசைப்பலகையிலும் ஒரு பழுதும் இல்லாதிருந்தும், காலங்கடந்தவை என ஒதுக்கப்படும் நிலைக்கு வந்துள்ளன.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இது சிறு செய்தியன்று. பிள்ளைகளின் படிப்புக்காகத் தவணையில் வாங்கிய மடிக்கணினி, கோயில் நிர்வாகத்தின் வரவு செலவைச் சுமக்கும் கணினி, பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கல்யாணப் பத்திரிகையும் திருவிழா அறிக்கையும் கோக்கும் அச்சகக் கணினி என இத்தகையவை பல. இவற்றை உடையவர்முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, புதுக் கணினி வாங்குவது. மற்றொன்று, இருக்கும் கணினியிலேயே கட்டற்ற மென்பொருளை நிறுவிக்கொள்வது. இரண்டாம் வழியைப் பேசுவோர் பெரும்பாலும் அதன் விலையின்மையையே எடுத்துக் கூறுகின்றனர். விலை முக்கியந்தான். எனினும் அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. ஒருவர் எழுதிவைத்தவற்றைப் பிற்காலத்தில் திறந்து படிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அது. தமிழருக்கு இக்கேள்வி பிறரைவிட நெருக்கமானது. ஏன் என்பதைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

உரிமமும் உரிமையும்

கடையில் காசு கொடுத்து மென்பொருள் வாங்குவோர், அது தமக்குச் சொந்தமாகிவிட்டது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அவர்கள் பெறுவது பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியே. அதற்கு உரிமம் என்று பெயர். எத்தனை கணினியில் நிறுவலாம், எத்தனை காலம் ஆதரவு கிடைக்கும், என்னென்ன வசதிகள் திறந்திருக்கும் என்பவற்றை முடிவு செய்பவர் விற்றவரே. 2004ஆம் ஆண்டில் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா முதலிய நாடுகளுக்கெனக் குறைந்த விலையில் விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்டர் என்னும் பதிப்பு வெளிவந்தது. அதில் ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்குமேல் திறக்க இயலாது. கணினிக்கு ஆற்றல் இல்லாமையால் வந்த தடையன்று அது. ஆக்கியோர் வேண்டுமென்றே வைத்த தடை. 2013ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம், தன் வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனிச் சந்தா முறையிலேயே தருவதென முடிவு செய்தது. சந்தா நின்றால் பயன்பாடும் நிற்கும்.

இவ்வேறுபாட்டை மலேசியத் தமிழருக்கு விளக்க நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்து வீடும் தொழிலாளிக்குச் சொந்தமாய் இருந்ததில்லை. வேலை இருக்கும்வரை வீடு. தோட்டம் கைமாறினால் வீடும் இல்லை. 1950களிலும் 1960களிலும் ஐரோப்பிய நிறுவனங்கள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பிற்காலத்தில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோதும் இதனைப் பல குடும்பங்கள் பட்டறிந்தன. அத்துண்டாடலுக்கு மாற்றாக, ம.இ.கா. தலைவராயிருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தத்தம் கூலியிலிருந்து சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்களை வாங்கும் சங்கம் அது. கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் அதன் முதற் கொள்முதல். பிரிக்பீல்ட்சின் பெருஞ்சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தனி ஒருவரால் வாங்க முடியாததைப் பலர் சேர்ந்து உடைமையாக்கிக்கொள்ளும் இக்கருத்தே, கணினித் துறையில் கட்டற்ற மென்பொருளாக உருக்கொண்டது எனலாம். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. நிலம் பங்கிடப் பங்கிடக் குறையும். மென்பொருள் எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் குறையாது. ஆகவே இங்கே உறுப்பினர், உறுப்பினர் அல்லாதார் என்ற பிரிவுக்கு இடமில்லை.

கட்டற்ற மென்பொருள் என்பது யாது?

மென்பொருளை வல்லுநர் முதலில் மனிதர் படித்தறியத்தக்க கட்டளைகளாக எழுதுகின்றனர். இதற்கு மூலநிரல் என்று பெயர். பின்னர் அது கணினிக்கு மட்டுமே விளங்கும் எண்களாக மாற்றப்படுகிறது. விலைக்கு வருவது பெரும்பாலும் இம்மாற்றிய வடிவமே. மூலநிரல் ஆக்கியோரிடமே மறைவாக இருக்கும்.

1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், ஆய்வுக்கூடத்தில் இருந்த அச்சுப்பொறி ஒன்றில் தாள் அடிக்கடி சிக்குவதைக் கண்டார். சிக்கியவுடன் காத்திருப்போருக்குத் தெரிவிக்குமாறு அதன் நிரலைத் திருத்த விரும்பினார். மூலநிரல் கிடைக்கவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக அறிஞரும், வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டதாகக் கூறி மறுத்துவிட்டார். அயலார்க்கு உதவுவதையே தடுக்கும் ஒப்பந்தம் அறமாகுமா என்ற கேள்வி ஸ்டால்மனை விடவில்லை. 1983ஆம் ஆண்டில் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார்; 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1991இல் பின்லாந்து மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருவகத்தை எழுதி வெளியிட்டார். இரண்டும் இணைந்து முழுமையான இயங்குதளம் ஆயின.

இம்மென்பொருளைப் பெறுவோருக்கு நான்கு உரிமைகள் உண்டு. எந்த நோக்கத்திற்கும் இயக்கலாம். எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்ந்து தம் தேவைக்கேற்ப மாற்றலாம். படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றியமைத்த வடிவத்தையும் பிறருக்கு வழங்கலாம். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால் அம்மொழியினர் குழம்புகின்றனர். தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. மலாயிலும் பெர்சுமா வேறு, பேபாஸ் வேறு. விலையில்லாமல் கிடைப்பதெல்லாம் கட்டற்றது ஆகாது என்பதை இவ்விரு மொழியினரும் எளிதில் உணரலாம்.

இது ஏதோ வல்லுநர்களின் விளையாட்டு என்று எண்ணுவோரும் உளர். ஆண்டிராய்டு கைப்பேசிகள் அனைத்தும் லினக்ஸ் கருவகத்தின்மேல் இயங்குபவை. ஆகவே காய்கறிக் கடையில் கைப்பேசியால் பணம் பெறும் மூதாட்டியும் அறியாமலே லினக்ஸைப் பயன்படுத்துகிறார்.

தமிழ் எழுத்துப் பட்ட பாடு

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பது மனிதர் செய்துகொள்ளும் உடன்பாடு. ஆங்கிலத்துக்கு இவ்வுடன்பாடு முன்பே அமைந்தது. தமிழுக்கு நெடுங்காலம் பொது உடன்பாடு இல்லை. எழுத்துரு வரைந்தோர் பலர், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்தினர். ஒவ்வொருவரும் தத்தம் முறையில் பொருத்தினர்.

பாமினி எழுத்துருவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் ‘அம்மா’ என்னும் சொல், கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே ஆகும். பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அது ‘அம்மா’வாகத் தோன்றும். எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகவே நிற்கும். தேடினாலும் கிடைக்காது, அகரவரிசைப்படுத்தவும் இயலாது. பள்ளி ஆண்டு மலர், கோயில் கூட்டக் குறிப்பு, சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் எனத் தமிழர் தட்டெழுதிச் சேமித்தவை பல இவ்வாறு பழைய வட்டுகளில் பூட்டுண்டு கிடக்கின்றன. ஏடு இருக்கிறது, படிக்கும் கண் இல்லை.

இதனைத் தீர்க்க முயன்றோரில் மலேசியருக்கும் சிறந்த பங்குண்டு. முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளை 1985ஆம் ஆண்டில் உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தாம், தாப் என்னும் குறியீட்டு முறைகளும் தமிழ் 99 விசைப்பலகையும் ஏற்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு கூடிற்று. இறுதியில் நிலைபெற்றது யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீடு. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதன்படி ‘அ’ என்பதற்கு 2949 என்ற எண். ‘ம’ என்பதற்கு 2990. கிள்ளானிலும் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் அதே எண்தான். எவர் ஆக்கிய எழுத்துருவாயினும் ‘அம்மா’ ‘அம்மா’வாகவே இருக்கும்.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. எழுத்தின் உடன்பாடு தனியொருவர் கையில் இருந்தவரை தமிழ் சிதறியது. அது பொதுவானவுடன் ஒன்றுபட்டது. எழுத்துக்கு உண்மையாவது ஆவணத்துக்கும் உண்மையே. ஒரு நிறுவனத்தின் மென்பொருள் மட்டுமே முழுமையாகத் திறக்கவல்ல கோப்பில் எழுதி வைத்தால், அந்நிறுவனம் உள்ளவரைதான் அதற்கு வாழ்வு. தமிழ் அச்சகங்களில் பரவியிருந்த பேஜ்மேக்கர் இதற்குச் சான்று. அதன் இறுதிப் பதிப்பு 2001இல் வந்தது, பின்னர் வளர்ச்சியில்லை. அப்பழைய கோப்புகளைத் திறக்கும் வசதியை 2015ஆம் ஆண்டில் தன் 4.4ஆம் பதிப்பில் சேர்த்துக்கொண்டது லிப்ரே ஆபிஸ் என்னும் கட்டற்ற மென்பொருளே. அதன் இயல்பான கோப்பு வடிவம் ஓடிஎப் என்பது. 2006ஆம் ஆண்டு முதல் அனைத்துலகத் தர நிறுவனத்தின் ஏற்பைப் பெற்ற பொது வடிவம் அது. எவரும் அதனைத் திறக்கும் நிரல் எழுதலாம்.

அரசுகளின் பட்டறிவு

மலேசிய அரசு இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. அப்போது மாம்பு என்று அழைக்கப்பட்ட நிர்வாக நவீனமயத் துறை, 2004ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. முதலில் அடித்தளமிடுதல், அடுத்து விரைவுபடுத்துதல், முடிவில் தற்சார்பு அடைதல் என மூன்று கட்டங்களாக அது வகுக்கப்பட்டது. தமிழகத்தில் 2007ஆம் ஆண்டளவில், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்த எல்காட் என்னும் அரசு நிறுவனம், தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாற்றியது. கேரளத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் கணினிப் பாடமே கட்டற்ற மென்பொருளைக் கொண்டு நடத்தப்படுகிறது. அங்கே ஆசிரியர் பயிற்சியும் பாடநூலும் தேர்வும் ஒருசேர மாற்றப்பட்டதால் அம்மாற்றம் வேரூன்றியது.

மாறாக நிகழ்ந்த கதையும் உண்டு. செருமனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவு செய்து, 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. ஆனால் 2017ஆம் ஆண்டில் நகர மன்றம் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அரசியல் தலைமை மாறியதும், பிற அலுவலகங்களோடு கோப்புப் பரிமாற்றத்தில் நேர்ந்த உராய்வும், பணியாளரின் மனக்குறையும் அதற்குரிய காரணங்களாகப் பேசப்பட்டன. அதே நாட்டின் சிலெசுவிக்-ஓல்சுடைன் மாநிலமோ 2024இல் ஏறத்தாழ 30,000 கணினிகளை மாற்றும் முடிவை அறிவித்தது. மென்பொருள் நல்லதாயிருப்பது மட்டும் போதாது. பயன்படுத்துவோரைப் பழக்குவதே பெரும்பணி என்பதை இவை யாவும் காட்டுகின்றன.

படிப்படியாக மாறும் முறை

வீட்டுப் பயனருக்கும் இது பொருந்தும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டவர்கள் பலர் ஒரே வாரத்தில் சலித்துத் திரும்பிவிடுவர். கோப்பு முதலில், பயன்பாடு அடுத்து, இயங்குதளம் இறுதியில் என்ற வரிசையே நன்று.

முதலாவதாக, உள்ள கோப்புகள் அனைத்தையும் வெளிவட்டில் படியெடுத்து வைக்கவேண்டும். ஒரு படி போதாது, இரண்டு வேண்டும். பழைய எழுத்துருவில் உள்ள தமிழ் ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றவேண்டும். இதற்கு உருமாற்றிகள் உள்ளன. ஓப்பன் தமிழ் என்னும் கட்டற்ற நிரல் தொகுப்பிலும் இவ்வசதி உண்டு. மாற்றியபின் ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறுவது உண்டு.

இரண்டாவதாக, இருக்கும் விண்டோஸிலேயே லிப்ரே ஆபிஸ், பயர்பாக்ஸ், விஎல்சி ஆகியவற்றை நிறுவி இரண்டு மூன்று திங்கள் பழகவேண்டும். இவை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றுபோல் இயங்குபவை. கைக்குப் பழகிய கருவிகள் உடன் வந்தால் புதுவீடு அந்நியமாகத் தோன்றாது.

மூன்றாவதாக, உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறி, கம்பியில்லா இணையம், ஒலி ஆகியவை சரியாக இயங்குகின்றனவா என்பதை இதனால் அறியலாம். பொருந்தவில்லையெனில் பென்டிரைவை எடுத்துவிட்டால் போதும். கணினி பழையபடியே இருக்கும். பொருந்தினால் நிறுவலாம். லினக்ஸ் மின்டுக்கு 2 ஜிபி நினைவகம் குறைந்த அளவு. 4 ஜிபி இருந்தால் வசதியாக இயங்கும். விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் கணினிகளில் பெரும்பாலானவை இவ்வளவேனும் உடையவை. தமிழ் தட்டெழுத, ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியில் தமிழ் 99 முறையும், ஆங்கில ஒலிவழி முறையும் கிடைக்கின்றன.

இடர்ப்பாடுகள்

மறைக்காமல் கூறவேண்டிய குறைகளும் உண்டு. உள்ளூர் வணிகர் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள்களில் சில விண்டோஸில் மட்டுமே இயங்கும். அத்தகைய கடையில் ஒரு கணினியையேனும் அவ்வாறே விட்டுவைப்பது அறிவுடைமை. வருமான வரிப் படிவமும் கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளமும் இணைய உலாவி வழியே திறப்பவையாதலால் அவற்றுக்கு இடையூறு இல்லை. அச்சகத்தாருக்குத் தடை சற்று மிகுதி. பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில், தமிழ் போன்ற எழுத்துகளைச் செவ்வனே கோக்கும் வசதி 2024இல் வந்த 1.6ஆம் பதிப்பில்தான் நிலைபெற்றது. தமிழ் இடைமுகமும் பல மென்பொருள்களில் முழுமை பெறவில்லை; பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக நிற்கிறது.

ஆனால் இக்கடைசிக் குறைக்கும் விலைக்கு வாங்கும் மென்பொருளில் உள்ள குறைக்கும் வேறுபாடு உண்டு. அங்கே குறையைப் பயனர் பொறுத்துக்கொள்ளலாம், அல்லது விண்ணப்பிக்கலாம். இங்கே அவர் திருத்தலாம். நிரலெழுதத் தெரியாத தமிழாசிரியர் ஒருவரும் மாலைப் பொழுதில் பத்துச் சொற்றொடர்களை மொழிபெயர்த்து அனுப்பலாம். ஏற்கப்பட்டால் அது உலகத் தமிழர் அனைவர் கணினியிலும் தோன்றும். தமிழகத்தில் 2012 முதல் வெளிவரத் தொடங்கிய கணியம் இதழ், இத்தகைய தன்னார்வலர் தமிழில் எழுதிய கணினிக் கட்டுரைகளால் வளர்ந்ததே.

இதில் பிள்ளைகளின் கல்வியும் அடங்கியுள்ளது. சில வெள்ளிக்குக் கிடைத்த திருட்டுப் படிகளைக் கொண்டு கணினி கற்ற தலைமுறை ஒன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டு. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதனைக் குற்றம் என்கிறது. பிறர் பொருளை மறைவாக எடுத்துப் பயன்படுத்துவது இயல்பே என்று அப்பிள்ளைகள் அறியாமலே கற்றுக்கொண்டனர். கட்டற்ற மென்பொருளில் படியெடுத்துத் தோழனுக்குக் கொடுப்பது குற்றமன்று. உரிமமே அதனை அனுமதிக்கிறது. மேலும் 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டில் கணினி இல்லாமையால் பாடத்தைத் தொடர இயலாது தவித்த மாணவர் பலர். காலங்கடந்ததென ஒதுக்கப்படும் கணினி ஒன்றைத் துடைத்து, லினக்ஸ் நிறுவி, அப்படிப்பட்ட இல்லத்துக்குக் கொடுத்தால் இன்னும் சில ஆண்டுகளேனும் அது ஒரு பிள்ளைக்குப் பயன்படும்.

பழைய கணினியை விற்குமுன்னோ எறியுமுன்னோ ஒருவர் செய்யத்தக்கது ஒன்றே. அதிலுள்ள தமிழ்க் கோப்புகளுள் ஒன்றைத் திறந்து, வேறொரு கணினியிலும் அது அவ்வாறே திறக்கிறதா என்று பார்க்கட்டும். திறக்கவில்லையெனில் மாற்றத்தை அங்கிருந்தே தொடங்கலாம். இயங்குதளத்தைப் பற்றிய முடிவைப் பிறகு எடுக்கலாம். எழுதியதைக் காக்கும் வேலை காத்திருக்காது.